காமன் பொட்டலில் பிறந்த மன்றம்

கலை மன்றம் என்றவுடன் பதிவுப் புத்தகமும், ரப்பர் முத்திரையும், தலைவர் செயலாளர் பொருளாளர் என்ற பதவிகளும், ஆண்டுக்கொருமுறை மாலை மரியாதையோடு நடைபெறும் விழாவும் உடையதொரு ஸ்தாபனமே பலருடைய மனத்திலும் தோன்றுகிறது. இலங்கையில் ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயா மலைத்தொடரில், எங்கள் தோட்டத்திலும் அத்தகைய மன்றம் ஒன்று உண்டு. சிறு வயதில் அதன் கடைசி வரிசை உறுப்பினனாகச் சேர்ந்து, பின்னர் அதற்குக் கூத்துப் பழக்குகிற வாத்தியாராக என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆயினும் அம்மன்றத்தின் சரித்திரத்தைப் பதிவுப் புத்தகத்தின் முதற் பக்கத்திலிருந்து தொடங்க என் மனம் ஒப்பவில்லை. அப்புத்தகம் வாங்கப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே, எழுத்து வாசனையே அறியாத எங்கள் பாட்டன்மார், தேயிலை மலைக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் இடையே கிடந்த ஒரு வெற்று நிலத்தில் ஆண்டுதோறும் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வகுத்து, இன்னாருக்கு இன்ன வேஷம் இன்னாருக்கு இன்ன வேலை என்று விதித்து, அந்த விதியை ஒருவரும் மீறாதபடி காத்து வந்தார்கள். அந்த நிலத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். எங்கள் மன்றம் அங்கேதான் பிறந்தது.

எங்கள் ஜனங்கள் மலைக்கு வந்த வரலாற்றை இங்கே நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று ஆரம்பித்த அந்த யாத்திரை, கோப்பிச் செடி நோயினால் மடிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தூரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலையெங்கும் பரவிய பிறகு, திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்த குடியேற்றமாயிற்று. வந்தவர்கள் கையில் கொண்டுவந்த சாமான் சொற்பம். நெஞ்சில் கொண்டுவந்ததோ சொற்பமன்று. கொங்குச் சீமையின் பொன்னர் சங்கர் கதையும், பாரதத்தின் அருச்சுனன் தபசும், மாசி மாதத்துக் காமன் பண்டிகையும் அவ்வாறு வந்தவைதாம். பல ஜில்லாக்காரர் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியேறியதால், ஒரு ஜில்லாவின் கூத்தை மற்ற ஜில்லாக்காரர் கற்கவும் ஆடவும் நேர்ந்தது. தாய்க் கிராமத்தில் ஒரு தெருவுக்கோ ஒரு குலத்துக்கோ உரியதாயிருந்த கலை, இங்கே ஒரு தோட்டம் முழுவதற்கும் உரியதாயிற்று என்பது இம்மூன்று கூத்துகளின் சரித்திரத்தில் மிகவும் விசேஷமான சங்கதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றில் எங்கள் பக்கத்துக்குப் பிரதானமானது காமன் கூத்து. தவத்திலிருக்கும் சிவபெருமானின் நிஷ்டையைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்பட்ட மன்மதன், ரதி தடுத்தும் கேளாமல் போய், நெற்றிக்கண்ணின் நெருப்பில் எரிந்து சாம்பலாவதும், ரதியின் புலம்பலுக்கு இரங்கி ஈசன் அவனை அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி எழுப்பித் தருவதுமே கதை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டவுடன், கரும்பும் ஆமணக்கும் வைக்கோற்பிரியும் சேர்த்துக் கட்டிய கம்பத்தைப் பொட்டலில் ஊன்றிக் காப்புக் கட்டுவார்கள். அன்று முதல் வேஷக்காரர் விரதம். இரவு தோறும் ரதியும் மதனும் சலங்கை கட்டி, கையில் லேஞ்சி என்னும் கைக்குட்டை பிடித்து, லயம் லயமாக ஆடிப் போவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவில் தூதனும், இந்திரனும், தட்சனும், வீரபத்திரனும், எமனும், காளியும், குறவன் குறத்தியும், பபூனுமாக எல்லா வேஷமும் இறங்கி, விடியுமுன் காமன் தகனம் நடைபெறும்.

பண்டிகை மாசியில் வருவதும் எங்கள் தொழிலுக்குப் பொருந்திப் போயிற்று. தை மாசி மாதங்களில் மேற்கு மலைச் சரிவில் காய்ந்த காற்று வீசும். பகலில் வெயிலும் இரவில் கடும் பனியுமாகத் தேயிலை துளிர்ப்பது மந்தமாகிவிடும். வியாபாரிகள் அந்தக் காலத்துத் தேயிலைக்கே வாசனை அதிகம் என்று மெச்சுவார்கள். எங்களுக்கோ அது கொழுந்து குறைந்து உடம்புக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் காலம். சித்திரை மழையில் கொழுந்து பொங்கத் தொடங்கிவிட்டால், இரவெல்லாம் விழித்து, வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்குப் போகும் திராணி யாருக்கும் இராது. மலையின் பருவத்தையும் கூத்தின் பருவத்தையும் ஒன்றோடொன்று இசைவித்து வைத்திருந்த அந்த ஒழுங்குதான், வாரத்தில் ஆறு நாள் உழைத்த ஜனங்களால் இத்தனை பெரிய கலையைச் சுமக்க முடிந்ததற்குக் காரணம்.

அந்தப் பழைய சபை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். காமன் ஊன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன், மேற்கணக்கு பணியக்கணக்கு என்ற இரு பிரிவிலுமுள்ள பெரியவர்கள் மாரியம்மன் கோயிலடியில் கூடுவார்கள். வீட்டு வரி நிச்சயமாகும். சில காலம் அதைச் செக்றோல் என்னும் சம்பள ஏட்டில் எழுதிச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பணம் கொடுக்க இயலாத வீடு எண்ணெயோ வெற்றிலையோ கொடுக்கும். அதுவும் இயலாவிட்டால் ஒரு சுமை மிலாறு கொடுக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகளையே மிலாறு என்கிறோம். அடுப்பெரிக்க வைத்திருந்ததில் ஒரு கட்டை எடுத்துப் பொட்டலில் போட்ட கிழவிக்கும் வரி கொடுத்த கங்காணிக்கும் அன்றிரவு ஒரே பாய்தான். வேஷம் கட்டுவது ஒரு வீட்டாருக்கு உரிமையென்றால், பந்தம் பிடிப்பது இன்னொரு வீட்டாருக்கு உரிமை; விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றுவது வேறொரு வீட்டாருக்கு. சண்டையிட்டுப் பேச்சுவார்த்தையற்றிருந்த குடும்பங்களும் காப்புக் கட்டியபின் தத்தம் பங்கைச் செய்தே ஆகவேண்டும். அதனாலேயே பல பகைகள் பொட்டலில் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நான் கூத்துக்கு வந்தது என் தகப்பனாரின் வழியாகவன்று; எங்கள் லயத்துக்கு இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்த வாத்தியாரின் வழியாகவே. அவர் பகலில் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர். மாலையில் உடுக்குப் பிடிப்பவர். அவரிடம் சேர்ந்த பையனுக்கு முதற் பருவத்தில் சலங்கை கிடையாது. மிலாறு சுமக்கவேண்டும், தப்பு என்னும் பறையைக் காய்ச்ச நெருப்பு வளர்க்கவேண்டும், மற்றவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். இரண்டாம் பருவத்தில் தாளம் கையில் வரும். அதன் பிறகே காலுக்கு அடவு. பாட்டை அவர் ஒருபோதும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்லி, மலையில் முள்ளுக் குத்தும்போதும் கான் வெட்டும்போதும் வாய்க்குள் உருட்டி, மறுநாள் மாலை ஒப்பித்தாக வேண்டும். தன் வேஷத்துப் பாட்டை மட்டும் பிசகின்றி ஒப்பித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்த மாணாக்கனிடம் அவர் சொல்லுவது ஒன்றுதான்:

“தம்பி, தன் பாட்டுத் தெரிஞ்சவன் கூத்தாடி இல்லப்பா. பக்கத்துல நிக்கிறவன் பாட்டுந் தெரிஞ்சவன்தான் கூத்தாடி.”

இது ஒரு தொழில் நுட்பம் என்றே அக்காலத்தில் நினைத்தேன். ரதிக்குத் தொண்டை கட்டினால் மதன் எடுத்துக் கொடுக்கவேண்டும். தூதனுக்கு அடி மறந்தால் பின்பாட்டுக்காரன் தாங்கிக்கொள்ளவேண்டும். பத்துப் பதினைந்து இரவு குளிரில் பாடுகிற கூத்துக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் முடியாது. எங்கள் மன்றம் உயிரோடிருந்ததே இந்த ஒரு பாடத்தினால்தான் என்பது பிற்காலத்தில் எனக்கு விளங்கிற்று.

தப்பைக் காய்ச்சுவது ஒரு தனி வித்தை. நுவரெலியாச் சீமையின் இரவுப் பனியில் தோல் கால் மணி நேரத்தில் தொய்ந்துவிடும். தொய்ந்த தப்பில் சத்தம் எழாது, ஈரச் சாக்கைத் தட்டியது போலிருக்கும். ஆகவே பொட்டலின் ஓரத்தில் இரவு முழுவதும் ஒரு நெருப்பு வளர்ந்துகொண்டேயிருக்கவேண்டும். பச்சை விறகு புகைந்து தோலைக் கறுக்கச் செய்யும். பெரிய கட்டைகள் ஓரிடத்தில் மட்டும் சூட்டைக் குவித்துத் தோலைப் பிளந்துவிடும். மெல்லிய மிலாற்றின் சுடர்தான் சீராகப் பரவும். தப்பை நெருப்புக்கு நேரே பிடிக்காமல், சாய்த்து, வட்டமாகச் சுழற்றி, இடையிடையே விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுண்டிப் பார்ப்பார்கள். ஓரமும் நடுவும் ஒரே சுருதி சொல்லும் கணத்தில் எடுத்துவிடவேண்டும். ஒரு ஜோடி காயும்போது மற்றொரு ஜோடி அடிபடும். ஆட்டம் ஒருபோதும் நிற்காது.

முடி செய்வதும் எங்கள் கைவேலையே. தேயிலைத் தூள் அடைக்கும் பலகைப் பெட்டிகளின் உட்புறத்தில் அந்தக் காலத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் தாள் பதித்திருப்பார்கள். ஸ்டோரில் உடைந்துபோன பெட்டியிலிருந்து கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிய அந்தத் தாளை, கசங்கல் போக நகத்தால் தேய்த்து, பழைய அட்டையின்மேல் பசை கொண்டு ஒட்டி, ஊசியால் புள்ளி குத்திப் பூவேலை செய்வோம். பெட்டியின் மெல்லிய பலகையே புஜகீர்த்திக்கு ஆதாரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த முடி அசையும்போது, எந்தத் தேயிலைக்காகப் பகலெல்லாம் முதுகு வளைந்ததோ, அந்தத் தேயிலையின் பெட்டியே தேவலோகத்து ஆபரணமாகி எங்கள் பையன் தலையில் ஏறி நிற்கும். முத்துவெள்ளையும் அரிதாரமும் செந்தூரமும் ஹட்டன் டவுண் கடையில் கிடைத்தன. மற்றவை அனைத்தும் தோட்டத்திலேயே விளைந்தவை.

பதிவு செய்யப்பட்ட மன்றம் வந்த கதைக்கு இப்போது வருகிறேன். கலையைக் கொண்டு ஜனங்களைத் திரட்டும் எண்ணம் எங்கள் மலைக்குப் புதிதன்று. ஹட்டனை மையமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரும், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டையே பிரசாரத்துக்கு வாகனமாக்கினார்கள். அவ்வம்மையார் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் எங்கள் பாட்டிமாரின் வாயிலும் இருந்தன. மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, லயங்களில் பாடப்பட்ட பாடல்களைச் சிரத்தையோடு சேகரித்து நூலாக்கினார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரோ, தோட்டத்து இளைஞர்களுக்குக் கூடிப் பேசுவதற்கு ஓரிடம் அவசியமாயிற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டந்தோறும் வாசிகசாலைகளும், பஜனைச் சபைகளும், வாலிபர் மன்றங்களும் எழுந்தன. ஏ. இளஞ்செழியன் தலைமையில் இயங்கிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பேச்சும், தமிழ்நாட்டுச் சினிமாவின் வசனமும் சேர்ந்து சீர்திருத்த நாடகங்களுக்கு வித்திட்டன. எங்கள் மன்றமும் அந்தப் பிரவாகத்தில் எழுந்ததே.

மன்றத்து இளைஞர்களுக்கு ஆரம்பத்தில் கூத்தின்பால் மதிப்பிருக்கவில்லை. திரை கட்டி, காட்சி பிரித்து, கதாநாயகன் நீண்ட வசனம் பேசும் நாடகமே முன்னேற்றம் என்று அவர்கள் கருதினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மதுவையும் கடனையும் சாதி வேற்றுமையையும் மேடையேற்றிக் கண்டித்த அந்நாடகங்கள் தோட்டத்துக்குப் பெரும் நன்மை செய்தன. ஆனால் திரையைத் தைக்கவும் பலகையைப் பரப்பவும் நடிக்கவும் ஆள் திரட்டப் போனபோது, அவர்களுக்குக் கிடைத்தவர்கள் யாவரும் பொட்டலில் பழகியவர்களே. குரல் இருந்தது, காலம் தவறாமை இருந்தது, ஒருவர் வேலையை மற்றொருவர் அறிந்திருந்தனர். வாத்தியாரை மன்றத்து ஆலோசகராக அழைத்தவர்களும், பிறகு அவரிடம் வந்து அடவு கற்றவர்களும் அதே சீர்திருத்த இளைஞர்களே. அக்காலத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் ஆட்டமுறையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தயாரித்து மேடையேற்றிப் படித்தவர்களின் கண்ணைத் திறந்தார். அந்தச் செய்தி ஹட்டன் ஆசிரியர்கள் வாயிலாக எங்களையும் எட்டியபோது, கூத்து வெட்கப்படுவதற்குரியதன்று என்னும் உணர்ச்சி மன்றத்தில் உறுதிப்பட்டது.

இந்நிலையில் 1964 அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் மக்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியவரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று இரண்டு அரசாங்கங்கள் முடிவு செய்தன. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டனர். ஒரு கூத்துக் குழுவுக்கு இதன் அர்த்தம் யாதெனில், ஒவ்வொரு மாசியிலும் எந்த வேஷக்காரன் மிஞ்சியிருப்பான் என்று தெரியாமை. தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு எங்கள் ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டார்கள். எங்கள் ரதி அதில் போனான், வீரபத்திரன் போனான், மிகச் சிறந்த தப்புக்காரர் குடும்பத்தோடு போனார். அண்ணன் போக, தம்பி நின்றான். மதனுக்கு எடுத்துக் கொடுக்கிற குரல் ஒரு நாட்டிலும் மதன் மற்றொரு நாட்டிலுமாயினர்.

அப்போதுதான் வாத்தியாரின் பாடம் எங்களைக் காத்தது. ரதி போன ஆண்டு மதன் ரதியானான், பின்பாட்டுக்காரன் மதனானான், பந்தம் பிடித்த வீட்டுப் பையன் பின்பாட்டுக்கு வந்தான். அடுத்தவன் பாட்டையும் அறிந்திருந்ததால் ஒரு பாட்டும் கப்பலேறிப் போய்விடவில்லை. வாத்தியாரும் தம் பிடிவாதத்தைத் தளர்த்தி, இனி எழுதிவைக்கலாம் என்றார். மாலை தோறும் அவர் சொல்ல, சீ.ஆர். கொப்பிகளில் நான் எழுதினேன். மெட்டைக் குறிக்க எங்களுக்கு ஸ்வரம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும், அதை ஒத்த மெட்டுள்ள தாலாட்டையோ கும்மியையோ பெயர் சொல்லி எழுதிவைத்தோம். இந்தியா போகிறவர்களுக்கும் ஒரு பிரதி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று மன்றம் தீர்மானித்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் 1968இல் தேயிலைத் தோட்டங்களை ஏற்படுத்தியதால், எங்களவர் பலர் ஒரு மலையை விட்டு இன்னொரு மலையில் அதே கொழுந்தைக் கிள்ளப் போனார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில் துணிக்கு நடுவே அந்தக் கொப்பியும் போயிற்று.

எழுபதுகளின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1973, 1974இல் உணவுப் பஞ்சம் லயங்களில் உயிர்களைக் குடித்ததும், அதன்பின் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல்கள் மூண்டதும் யாவரும் அறிந்தவை. கோதுமை மாவுக்கே வழியில்லாத வீட்டில் வரி கேட்பதெப்படி? இரவில் வெளிச்சம் காட்டவே அஞ்சிய நாட்களில் பொட்டலில் நெருப்பு வளர்ப்பதெப்படி? அத்தகைய ஆண்டுகளில் கம்பத்தை மட்டும் ஊன்றி, கோயிலடியில் தாழ்ந்த குரலில் இரண்டு பாட்டுப் பாடி, காப்பை அவிழ்த்தோம். கூத்து நடைபெறவில்லை, ஆனால் முறை விட்டுப்போகவில்லை.

தப்பைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்பே, சாமியை அழைத்ததும் தப்பே, பிணத்துக்கு முன் போனதும் தப்பே. ஆயினும் அதை அடித்தவர்களுக்குப் பல தோட்டங்களில் கிடைத்தது ஒதுக்கிடமும் அவமதிப்புமே. தங்கள் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று அவர்களிற் பலர் தப்பைப் பரணில் தூக்கிப் போட்டபோது, அவர்கள் செய்தது நியாயம் என்றே நான் எண்ணினேன். இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். கலை அழிகிறதே என்று அவர்களைக் கடிந்துகொள்ள மற்றவர்களுக்கு யோக்கியதை இல்லை. எங்கள் மன்றம் இதைப் பல கூட்டங்களில் விவாதித்து, தப்பை எந்த வீட்டுப் பிள்ளையும் கற்கலாம், சாவு வீட்டுக்கு எவரையும் கட்டாயமாக அழைக்கலாகாது, காப்புக் கட்டும்போது முதல் தாம்பூலம் தப்புக்காரருக்கே என்று தீர்மானித்தது. சிலர் கோபித்து வரி கொடுக்க மறுத்தனர். சில ஆண்டுகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளே தப்புக் கற்க வந்து நின்றார்கள். பழைய சபையின் ஒழுங்கில் ஓர் அநீதியும் கலந்திருந்தது. அதை நீக்கிய பின்னரே அது உண்மையில் எல்லாருக்கும் பொதுவான சபையாயிற்று.

பெண்கள் விஷயமும் அத்தகையதே. ரதியின் வேஷத்தை ஆண்களே கட்டிவந்தோம். ஆனால் அந்தப் புலம்பலின் மூலதனம் பெண்களுடையது. நான் ரதி கட்டிய காலத்தில், எங்கே மூச்சை நிறுத்தி எங்கே குரலை உடைக்கவேண்டும் என்பதை இழவு வீடுகளில் ஒப்பாரி சொல்லும் கிழவிகளிடமிருந்தே கற்றேன். தகன இரவில், பொட்டலின் விளிம்பில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், ரதி அழத் தொடங்கியதும் தாங்களும் அழுவார்கள். கப்பலேறிய மகனையும் மண்ணுக்குள் போன புருஷனையும் நினைத்து அழுவார்கள். எண்பதுகளில் அந்தனி ஜீவா போன்றோர் மலையகத்துக்குக் கொண்டுவந்த வீதி நாடக முயற்சிகளில் தொழிலாளப் பெண்கள் தைரியமாக நடுவில் வந்து பேசிய பிறகு, எங்கள் மன்றத்துப் பெண்பிள்ளைகளும் எங்களுக்கு ஏன் சலங்கை இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்று நான் பழக்குகிறவர்களில் ரதியின் பாட்டை மிக நன்றாகப் பாடுகிறவள் ஒரு பெண். பகலில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, இரவில் அப்பியாசம். அவள் பாடும்போது கிழவிகள் பழையபடியே அழுகிறார்கள். இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன வேண்டும்?

எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாக ஏற்றுக்கொண்டபின், காமன் கூத்துக்குப் புதிய மதிப்பு உண்டாயிற்று. பாடசாலைப் போட்டிகளிலும் கலாசார விழாக்களிலும் அதற்கு இடம் கிடைத்தது. மாத்தளை வடிவேலன், சாரல் நாடன் முதலானோர் எங்கள் வாய்மொழிச் செல்வத்தைப் பற்றி நூல்கள் எழுதினர். இவை யாவும் நன்மையே; அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் மேடைக்கென்று இருபது நிமிஷமாகச் சுருக்கிய கூத்தில், ரதியும் மதனும் தூதனும் மட்டுமே வருகிறார்கள். மிலாறு கொடுத்த கிழவிக்கும், பந்தம் பிடித்த வீட்டுக்கும், நெருப்பு வளர்த்த பையனுக்கும் அதில் இடமில்லை. ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் மிஞ்சுகிறார்கள், செய்கிறவர்கள் மறைந்துவிடுகிறார்கள். கொழும்பு மண்டபங்களில் எங்கள் பிள்ளைகள் பரிசு வாங்கும்போது பெருமைப்படுகிறேன். ஆயினும் அந்தப் பிள்ளைகள் ஒரு முழு இரவையாவது பொட்டலில் ஆடியவர்களாயிருக்கவேண்டும் என்பதை என் பழக்கத்தின் நியதியாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவனின் பாட்டை அங்கே நின்றால்தான் கற்க முடியும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனதிலிருந்து வேலைநாட்கள் சுருங்கி வருகின்றன; இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். அவர்கள் போவதனால் கூத்து அழிந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. மாசியில் விடுமுறை வாங்கிக்கொண்டு வந்து சலங்கை கட்டுகிறவர்கள் பலர். கப்பல் பிரித்த காலத்தையே தாங்கிய கலை பஸ் பிரயாணத்தையா தாங்காது? நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. லயங்களை அகற்றி, குடும்பத்துக்குச் சொந்தக் காணியில் தனி வீடு என்னும் திட்டம் சில தோட்டங்களில் நிறைவேறி வருகிறது. இருநூறு ஆண்டுகளாகச் சொந்த நிலமென்று ஒரு சாண் மண்ணும் இல்லாதிருந்த ஜனங்களுக்கு அது பெரும் பாக்கியம். இன்னும் காத்திருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் அது விரைவில் கிட்டவேண்டும். ஆனால் அளவைக்காரரின் வரைபடத்தில் வீடு இருக்கிறது, பாதை இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. காமன் பொட்டல் இருப்பதில்லை. அது கம்பெனியின் கணக்கில் பயிரிடாத தரிசு. சட்டத்தின் கண்ணில் அதற்கு உரியவர் எவருமில்லை.

பிரஜாவுரிமை இல்லாத காலத்திலும் எங்கள் ஜனங்கள் தமக்குள் ஒரு சபையை நடத்தி, வரி வகுத்து, நியாயம் பேசி, வேலை பங்கிட்டு வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்பது அந்த நிலமொன்றே. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு எஞ்சியிருந்தோரும் பிரஜைகளாகிவிட்டோம்; பிரஜைகள் கேட்கவேண்டியதைக் கேட்கும் அருகதை இப்போது எங்களுக்கு உண்டு. ஆகையால் மலையகத்திலுள்ள ஒவ்வொரு கலை மன்றத்தாருக்கும் ஒரு வாத்தியாரின் விண்ணப்பம் இது: உங்கள் தோட்டத்தில் வீட்டுக் காணி அளக்க வரும் நாளில், பழைய கொப்பிகளையும் மாசியில் பிடித்த புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, வயது முதிர்ந்த வேஷக்காரர்களையும் அழைத்துக்கொண்டு பொட்டலுக்குப் போங்கள். அதன் எல்லையை அளந்து, கல் நாட்டி, தோட்டத்து ஜனங்கள் அனைவருக்கும் பொதுவான நிலமென்று உறுதிப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். வரி கொடுத்த வீடுகளின் பெயரை எழுதும்போது, மிலாறு கொடுத்த வீடுகளின் பெயரையும் எழுதுங்கள்.